எழுந்து நிற்க ஓர் இடம்

பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒரு மழை இரவில் ஒதுங்கிய இடைகழி திருக்கோவிலூரில்தான் இருந்தது என்பது வைணவ மரபு. முதலில் வந்தவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்து கதவைத் தட்டியதும் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாமவரும் வந்த பிறகு மூவரும் நின்றார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அந்த இடத்தின் அளவை இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நான்காவதாக வந்து நெருக்கியவர் பெருமாள் என்பது ஊருக்கே தெரியும். பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது துல்லியமான அளவுமுறை: இடத்தின் கொள்ளளவு, அதில் இருப்பவரின் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கூடாரம் விற்கும் கடைகளில் படுக்கிற கணக்கு ஒன்றை மட்டும் சொல்கிறார்கள். “நாலு பேர் தாராளமா படுக்கலாம் சார்” என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை. பெட்டியின் மேல் ‘4 பேர்’ என்று போட்டிருந்தால், ஆளுக்கு இரண்டடி அகலம் என்று வைத்து, தோளோடு தோள் இடிக்க நான்கு பாய் போடலாம் என்று பொருள். பையை வைக்கவும், வேட்டி மாற்றவும், இருட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடவும் அந்தக் கணக்கில் இடமில்லை. டெகாத்லான் கடைகளின் கெச்சுவா கூடாரங்களில் சிலவற்றுக்கு 4.1, 4.2 என்று பெயர் இருக்கும். முதல் எண் ஆட்கள், இரண்டாவது எண் படுக்கை அறைகள். எல்லாமே படுப்பவர்களை எண்ணும் எண்கள்தான். அறுபதைக் கடந்தவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதற்குள் எத்தனை பேர் எழுந்திருக்கலாம்?

திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போய்விடலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரம்தான். ஊட்டி போலக் குளிர் வாட்டாது, காது அடைக்காது, மூச்சும் வாங்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்குப்படி மலைமேல் இரவு, திருக்கோவிலூரின் தென்பெண்ணைக் கரையைவிட ஐந்து டிகிரி போல இதமாக இருக்கும். ஓய்வு பெற்ற தம்பதியர் காரில் போய் ஓரிரவு தங்கிவர இதைவிட வசதியான மலை இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. முதுகில் மூட்டை சுமக்க வேண்டியதில்லை என்பதால் கூடாரத்தின் எடையைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருந்தாலும் கார் தூக்கும். இளைஞர்களுக்கு எழுதப்பட்ட கூடார ஆலோசனைகளில் பாதிக்குமேல் எடையைக் குறைப்பதைப் பற்றியவை. அவற்றை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

இரவு இரண்டு மணிக்கு ஒருவர் சிறுநீர் கழிக்க எழுகிறார். வயதானவர்களுக்கு இது தற்செயலல்ல. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைத்துவைக்கும் ஹார்மோன் வயது கூடக்கூடத் தளர்ந்துவிடுகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும், படுத்தவுடன் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. எனவே எழுவது உறுதி. படுத்திருப்பவர் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனே விழித்து, ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை விரைவுபடுத்தும். முதுமையில் இந்த ஏற்பாடு மெதுவாக வேலை செய்கிறது. ரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் மருத்துவர்கள் அதை நோய்க்குறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘எழுந்தேன், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதற்கு மருந்து எளிது. எழுந்தவுடன் நிற்காமல், காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார வேண்டும். நான்கடி உயரக் குவிமாடக் கூடாரத்தில் அதற்கு வழியே இல்லை. தரையிலிருந்து புரண்டு, முழங்காலில் ஊன்றி, தவழ்ந்து, ஜிப்பை இழுத்து, தலையை வெளியே நீட்டி, குனிந்தபடியே நிமிர வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. துணிச்சுவரைப் பிடித்தால் கூடாரமும் கூடவே வரும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகிறது. கண்பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. இருட்டுக்குப் பழகவும் அதிக நேரம் பிடிக்கிறது. விழுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை வேண்டுமென்றே செய்தாலும் அமைக்க முடியாது.

ஆகவே கூடாரத்துக்கு முன்னால் கட்டிலை வாங்குங்கள் என்பேன். நாற்காலி உயரத்தில், அதாவது ஒன்றரை அடி உயரத்தில் உள்ள மடக்குக் கட்டில். அரையடி உயரக் கட்டில்களும் விற்கிறார்கள். அவை தரையில் படுப்பதைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். உட்காரும் இடம் தாழத் தாழ, எழுவதற்குத் தொடைத்தசை செய்ய வேண்டிய வேலை கூடும், முழங்கால் மூட்டின் சுமையும் கூடும். முப்பது வயதுக்குப் பிறகே ஒவ்வொரு பத்தாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தசை குறைந்துவருகிறது, அறுபதுக்குமேல் அது வேகம் பிடிக்கிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறவரால்கூடத் தரையிலிருந்து அப்படி எழ முடியாமல் போவது இதனால்தான்.

கட்டிலுக்கு இன்னொரு நியாயமும் உண்டு, அது நம் மண்ணுக்கே உரியது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களையே அது பெரும்பாலும் கடிக்கிறது. வலியும் வீக்கமும் அதிகம் இல்லாததால், கடிபட்டவருக்கே தெரியாமல் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்கச் செய்துவிடும். கட்டிலும், விளிம்பைச் செருகிய கொசுவலையும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. தரையோடு சேர்த்துத் தைத்த கூடாரத்தை எப்போதும் ஜிப் மூடி வைத்திருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பு. புதர்ப்புல்லில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் கடியால் வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலுக்கும் இதே காப்பு ஓரளவு உதவும். மலைக்குப் போய்வந்த பத்துப் பதினைந்து நாளுக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருகிய பொட்டுப் போன்ற புண் தெரிந்தால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்துக்கே அது கேட்கும்.

கட்டிலை முடிவு செய்துவிட்டால் கூடாரத்தின் அளவு தானே வந்துவிடும். ஒரு பென்சிலும் தாளும் போதும். குவிமாடக் கூடாரத்தின் சுவர் சராசரியாக 60 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடி உயரத்துக்கும் சுவர் ஏறக்குறைய ஏழு அங்குலம் உள்ளே வந்துவிடும். ஒன்றரை அடி உயரக் கட்டிலின் மட்டத்தில் அது பத்து அங்குலத்துக்குமேல். கட்டிலின் ஓரம் துணியில் படாமல் இருக்க, இரு பக்கமும் பத்துப் பத்து அங்குலமாவது விட்டாக வேண்டும். கட்டில் ஒவ்வொன்றும் 26 அங்குல அகலம். நடுவில் காலைத் தொங்கவிட்டு உட்கார இரண்டடி. 10, 26, 24, 26, 10 என்று கூட்டினால் 96 அங்குலம், சரியாக எட்டடி. நீளவாக்கில் கட்டிலுக்கு ஆறேகால் அடி, இரு முனையிலும் பத்து அங்குலம், நின்று உடை மாற்ற இரண்டடி என்று போட்டால் பத்தடி. ஆக இரண்டு பேருக்கு எட்டுக்குப் பத்து. கடையில் இதற்கு ‘6 பேர்’ என்று பெயர். ‘4 பேர்’ கூடாரம் பொதுவாக ஏழுக்கு எட்டு அடியோடு நின்றுவிடும்.

சுவர் ஏறக்குறைய நேராக நிற்கும் அறைவடிவக் கூடாரமாக இருந்தால் கணக்கு மாறிவிடும். பத்து அங்குல இழப்பு இல்லை என்பதால் அதே இரண்டு கட்டிலும் ஆறரை அடி அகலத்தில் அடங்கும். எனவே தரைப்பரப்பு எத்தனை சதுர அடி என்பதைவிட, சுவர் எவ்வளவு சாய்வு என்பதே முதல் கேள்வி. கடையில் கூடாரத்தை விரித்து வைத்திருந்தால் உள்ளே ஒரு நாற்காலி போட்டு, சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள். தலை துணியில் இடித்தால் வேண்டாம். ஒன்றரை அடி இருக்கையில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை சுமார் நாலேகால் அடியில் இருக்கும். நடு உயரம் உங்கள் உயரத்தைவிட அரையடியாவது கூட இருக்கட்டும். நிமிர்ந்து வேட்டி கட்டவும் சேலைக்குக் கொசுவம் வைக்கவும் அந்த அரையடி வேண்டும். வாசல் இரண்டு இருந்தால் ஒருவர் எழுவதற்கு மற்றவரைத் தாண்ட வேண்டாம். திரை போட்டு இரண்டு அறையாகப் பிரித்த கூடாரமும் கிடைக்கிறது. முல்லைப்பாட்டில் வரும் அரசனின் பாசறையிலேயே திரையிட்டுப் பிரித்த இரண்டறைப் பள்ளி உண்டு என்பதால், இதைப் புதுமை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசற்படியையும் பாருங்கள். மழைநீர் உள்ளே வராமல் இருக்கத் தரைத்துணியை நாலைந்து அங்குலம் மடித்துத் தொட்டி போலத் தைத்திருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இருட்டில் கால் தடுக்கும் இடமும் அதுவே. வாசலில் மட்டும் அந்த விளிம்பைக் கொக்கியை அவிழ்த்துப் படுக்கவைக்கும் வகை சிறந்தது. இல்லாவிட்டால் விளிம்பு நெடுக வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றைத் தைத்துவிடுங்கள். ஜிப்பின் சிறிய நாக்கில் ஒரு சாண் கயிறு கட்டிவிட்டால் விரல்மூட்டு வலிக்காரர்களுக்கு நிம்மதி.

உயரமும் நேர்ச்சுவரும் இலவசமாக வருவதில்லை, காற்று அதற்கு வட்டி வாங்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக உயர்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 72 கிலோமீட்டர் ஆனால் 12 கிலோ அல்ல, 24 கிலோ. பத்தடி நீளம், ஆறரை அடி உயரம் உள்ள நேர்ச்சுவர் 6 சதுர மீட்டர் இருக்கும். முதல் காற்றில் அதன்மேல் 36 கிலோ, இரண்டாவதில் 150 கிலோவை நெருங்கிய சுமை. குவிமாடத்தில் காற்று வழுக்கிப் போகும், நேர்ச்சுவர் நெஞ்சைக் கொடுத்து நிற்கும். அதனால் வயதானவர் தாழ்ந்த குவிமாடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் உயரமான கூடாரம் நிற்காது. வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். தையும் மாசியும் சரி. முகட்டில் அடிக்காமல், காற்று வரும் திசையில் புதரோ பாறையோ இருக்கும் இடமாகப் பார்த்து, குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, கொடுத்திருக்கும் எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள். நான்கு மூலைக்கு மட்டும் முளை அடித்துவிட்டு மீதிக் கயிறுகளைப் பையிலேயே விட்டுவருவது நம்மவர் வழக்கம்.

அடுத்தது ஈரம். மழையே பெய்யாத இரவிலும் காலையில் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருக்கும். ‘துணி ஒழுகுது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது நாம் விட்ட மூச்சு. மூச்சிலும் தோலிலும் ஒருவர் ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் நீராவி வெளியேற்றுகிறார். நம் எட்டுக்குப் பத்துக் கூடாரத்தின் உள்ளே 11 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மொத்தம் 140 கிராம் சொச்சம். மலைக்காற்று ஏற்கெனவே 80 விழுக்காடு ஈரத்தோடு உள்ளே வந்திருந்தால் மிச்ச இடம் 28 கிராமுக்குத்தான். இரண்டு பேர் தூங்கினால் அரை மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வெளியேறும் ஆவியெல்லாம், வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துபோன துணியில், மோர் டம்ளரின் வெளிப்புறத்தில் போல முத்து முத்தாகப் படியும். கூடாரத்தைப் பெரிதாக்குவதால் இது நிற்காது, அரை மணி முக்கால் மணி ஆகும், அவ்வளவே. காற்று உள்ளே வரக் கீழே ஒரு வழியும், வெதுவெதுப்பான ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு வழியும் வேண்டும். உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, இடையில் ஒரு கை இடைவெளி என்ற இரட்டைச்சுவர் கூடாரம் இதற்காகவே. படிந்த ஈரம் வெளித்துணியில் வழிந்து தரைக்குப் போய்விடும், போர்வைக்கு வராது. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடுவதுதான் நனைவதற்குக் குறுக்குவழி. உள்ளே கரியடுப்போ ஸ்டவ்வோ வைத்துச் சூடேற்றும் எண்ணம் வந்தால் அதை அப்போதே கைவிட்டுவிட வேண்டும். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

குளிருக்கு விடை படுக்கைக்குக் கீழே இருக்கிறது. கட்டிலில் படுத்தால் அடியில் காற்று ஓடும். பங்குனியில் அது சுகம், மார்கழியில் முதுகு சில்லிடும். மேலே இரண்டு போர்வை போடுவதைவிட, கீழே ஒரு ஜமுக்காளமும் நுரைப்பாயும் விரிப்பது அதிகம் உதவும். உடம்பின் எடையில் நசுங்கிய போர்வையில் காற்று இருக்காது, காற்று இல்லாத இடத்தில் வெப்பத்தடுப்பும் இருக்காது. முதியவர்களுக்கு நடுக்கம் தாமதமாகவே வரும், குளிர்வதையே உடம்பு தாமதமாகத்தான் உணரும். எனவே குளிர ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

மழைத்துணியின் மேல் 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று எழுதியிருப்பார்கள். அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் துணி கசியாது என்பது அதன் கணக்கு. மேல்துணிக்கு 2000 போதும். தரைத்துணிக்கு அந்த எண்ணை நம்ப வேண்டாம். முழங்காலை ஊன்றும்போது 30 கிலோ எடை 30 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால், அந்த அழுத்தம் பத்து மீட்டர் தண்ணீருக்கு, அதாவது 10,000 மி.மீ.க்குச் சமம். கட்டில் காலும் அப்படித்தான், கூடவே துணியைக் கிழிக்கவும் செய்யும். கூடாரத்துக்கு அடியில் ஒரு தார்ப்பாய், கட்டில் கால்களுக்கு அடியில் நான்கு பலகைத் துண்டு. தார்ப்பாய் கூடாரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைச் சேர்த்து அடியில் கொண்டுவந்து விடும். ஒரு கை உள்ளே மடக்கி விரிக்க வேண்டும்.

துணி வகையில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பாலியஸ்டர் நனைந்தால் தளராது, நைலானைவிட வெயிலையும் தாங்கும். பருத்திக் கேன்வாஸ் மூச்சுவிடும், நனைந்ததும் நூல் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும், பகலில் இதமாக இருக்கும். ஆனால் கனம். 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1823-ல் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை வெட்டவெளி முகாம்களிலேயே காலம் கழித்தார். அப்போது எழுபதை ஒட்டிய வயது அவருக்கு. அவர் கூடாரத்தைச் சுமக்கவும் அடிக்கவும் ஒரு படையே இருந்தது.

நமக்குப் படை இல்லை என்பதால், அடிப்பது யார் என்ற கேள்வி வாங்கும்போதே வர வேண்டும். ஆறரை அடி உயரக் கூடாரத்தின்மேல் மழைத்துணியை வீசிப் போர்த்த, கை தோளுக்குமேல் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கம் உள்ளவருக்கு அது முடியாது. கம்பிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, குடை போல விரியும் கூடாரங்கள் இவர்களுக்கு நல்லது. மழைத்துணியைத் தரையில் இருக்கும்போதே மாட்டிவிட்டு, பிறகு கூடாரத்தின் கால்களை நீட்டி உயர்த்தலாம். விலை கூடுதல்தான். முட்டி மாற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எங்கே அடிப்பது? காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் இறந்த பிறகு கண்டிப்பு இன்னும் கூடியிருக்கிறது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் நேரில் கேட்க வேண்டும். கல்வராயனில் அது மரவள்ளிக் கொல்லையை ஒட்டிய களமாகவோ சாமை அறுத்த மேடாகவோ இருக்கலாம். பழங்குடிக் குடும்பங்களின் வாழ்வாதாரம் அந்த நிலம் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். ஓடைக்கரை அழகாக இருக்கும், அடிக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வழக்கமாக மணல் காய்ந்து கிடக்கும் ஆறு திருக்கோவிலூரில் கரைபுரண்டு ஓடியதை ஊரே பார்த்தது. நம் தலைக்குமேல் மழை இல்லாவிட்டாலும் மேல்பக்கத்து மழை கீழே வந்து சேரும். இடி முழங்கினால் எவ்வளவு நல்ல கூடாரமும் காப்பல்ல. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருங்கள். அதற்காகவே கார் எட்டும் தூரத்தில், நடக்கத் தடங்கல் இல்லாமல் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கூடாரத்தை மொட்டை மாடியில் நிழலில் விரித்துக் காயவிட வேண்டும். மழைத்துணியின் உட்பூச்சு பெரும்பாலும் பாலியூரிதேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது வேதிமுறையில் சிதைந்து, பிசுபிசுத்து, நாற்றமடித்து உரிந்து வரும். நம் ஊர் வெக்கையில் ஈரத்தோடு பரணில் ஏற்றிய கூடாரத்துக்கு இது சீக்கிரமே நேரும். காய்ந்த பிறகும் கடையில் தந்த இறுக்கமான பையில் திணிக்காமல், பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி அலமாரியில் வையுங்கள்.